சுவைக்கு முப்பது

ஜூன் 3, செவ்வாய். பூந்தமல்லி

மதியம் வந்து சேர்ந்தேன். விடுதியில் அறை எண் நான்கு. மின்விசிறி கடகடவென்று ஆடுகிறது. மேல்மூடியின் திருகாணி தளர்ந்திருக்கிறது. பெட்டியில் திருப்புளி இருக்கிறது. நாளை ஏறி முடுக்கிவிடுவேன்.

'கேக் கோட்டை' என்கிற தொலைக்காட்சிப் போட்டிக்கு ஆறு பேரை எடுத்திருக்கிறார்கள். அறுபதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். கோவையில் நடந்த தேர்வில் தயாரிப்பாளர் பெண் மதுவந்தி என் கேக்கைப் பார்த்துவிட்டு, "என்ன சார், நடுவுல குழி விழுந்திருக்கு?" என்று கேட்டாள். "குழி விழுகாத கேக்கு தொண்டையில நிக்கும் அம்மிணி. வாயில போட்டுட்டுப் பேசு" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கேமரா என் பக்கம் திரும்பியது. அவள் ஒரு கரண்டி சாப்பிட்டதாக நினைவு. சாப்பிட்டுத்தான் எடுத்திருப்பாள்.

இன்று விதித்தாள் கொடுத்தார்கள். தோற்றம் 50. சுவை 30. புதுமை 20.

மூன்று முறை படித்தேன். பிறகு மதுவந்தியைத் தேடிப் போனேன்.

"அம்மிணி, கேக்கு திங்கறதுக்கா, செவுத்துல மாட்டறதுக்கா?"

"சார், டிவில வாசனை வராது, ருசி வராது. பாக்கறவங்களுக்குக் கண்ணு மட்டும்தானே சார் இருக்கு?"

"பாக்கறவங்களுக்குச் செரி. நடுவருக்கு நாக்கு இருக்குதல்லொ?"

காதில் மாட்டியிருந்த கருவியில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே போய்விட்டாள். எனக்குச் சொல்லவில்லை.

ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன். நான் பூ வைக்கமாட்டேன். க்ரீம் பூசமாட்டேன். நாட்டுச் சர்க்கரையும் பூவன் பழமும் சுக்கும் போட்ட இந்தக் கேக்கை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சிங்காநல்லூரில் மில் மூடியபோது நான் ஃபிட்டர். எண்ணெய் டிரம்மை வெட்டி நானே ஓவன் கட்டி, இருபத்தாறு வருஷம் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது. சுவைக்கு வைத்திருக்கும் முப்பதைக் கொண்டே இறுதிச் சுற்றுக்குப் போவேன். சுவைதான் முதல் என்று இவர்கள் வாயாலேயே கேமராவுக்கு முன்னால் சொல்லவைப்பேன். அதற்காகத்தான் வந்தேன், கோப்பைக்காக அல்ல.

ஜூன் 4, புதன்

மின்விசிறியைச் சரிசெய்தேன். சுக்கு இடித்துச் சலித்தேன்.

ஜூன் 5, வியாழன்

முதல் சுற்று. இவர்கள் வேலை செய்யும் முறையைப் பார்த்துவிட்டேன். எழுதினால்தான் ஆறும்.

கேக் முடிந்ததும் யாரும் சாப்பிடுவதில்லை. முதலில் அது சுழல்மேசையில் ஏறுகிறது. நாற்பது நிமிடம் பெரிய விளக்குகளுக்குக் கீழே சுற்றுகிறது. மேலிருந்து, பக்கத்திலிருந்து, மாவுத்துகள் வரை படம் எடுக்கிறார்கள். பிறகு நடுவர்கள் முகத்துக்குப் பவுடர். அதன் பிறகு ஒரே ஒரு முட்கரண்டி.

நட்சத்திர ஓட்டல் சமையல்காரரான ரூபன்தான் பெரிய நடுவர். என் கேக்கில் ஒரு வாய் எடுத்தார், கண்ணை மூடினார், "ம்ம்ம்" என்றார். "கட்" என்று குரல் வந்ததும் திரும்பி ஒரு காகிதக் கைக்குட்டையில் துப்பினார்.

துப்பினார்!

"ஏனுங்க தம்பி, கசக்குதா?" என்று கேட்டேன்.

"இல்ல சார், நல்லாருக்கு. ஓட்டல்லயும் இங்கயுமா ஒரு நாளைக்கு இருபது கேக். எல்லாத்தையும் முழுங்கினா என் சுகர் என்னாகறது?"

முழுங்காமல் என்ன சுவையைக் கண்டார்? சுக்கின் காரம் தொண்டையில்தான் வரும், நாக்கில் அல்ல. எனக்குத் தோற்றம் 11, சுவை 26, புதுமை 9. ஒருவருடைய கேக் உள்ளே வேகவில்லை. இன்னொருவர் தட்டிலேயே கவிழ்த்துவிட்டார். அவர்கள் இருவரும் வீட்டுக்குப் போனார்கள். நான் இருக்கிறேன்.

முதலிடம் திருச்சியிலிருந்து வந்திருக்கும் தில்ஷாத். நாற்பது வயது இருக்கும். பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலையாம். அதே ஊசிகளை வைத்துக்கொண்டு சர்க்கரையில் பூச் செய்கிறாள். இன்று செய்தது செம்பருத்தி. மகரந்தத்தூள் வரை. தோற்றம் 49! நடுவர்கள் பத்து நிமிடம் பூவைப் பற்றியே பேசினார்கள்.

ஆனால் உண்மையான தீர்ப்பு வேறு இடத்தில் நடக்கிறது. நான்கு மணி டீக்கு எல்லாக் கேக்கையும் அரங்கின் பின்புறம் நீள மேசையில் வைத்துவிடுகிறார்கள். விளக்குக்காரர்கள், தச்சர்கள், ஒப்பனைக்காரர்கள் எல்லோரும் எடுத்துச் சாப்பிடலாம். நான் ஓரமாக நின்று பார்த்தேன். என் தட்டு ஏழு நிமிடத்தில் காலி. தில்ஷாத்தின் செம்பருத்தி தொட்டது தொட்டபடி. ஆளாளுக்குக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான்.

நாக்குள்ளவர்கள் சொல்லிவிட்டார்கள். இனி ஒவ்வொரு சுற்றிலும் இதைக் குறித்து வைப்பேன்.

ஜூன் 10, செவ்வாய்

இரண்டாம் சுற்று. காலையில் மதுவந்தி வந்தாள். அலங்காரம் செய்யும் ஆள் ஒருவர் சம்பளத்துக்கு இருக்கிறாராம். என் கேக்கின் குழியை க்ரீமால் மூடி, மேலே நாலு ரோஜா வைத்துத் தருவாராம்.

"யாருக்கும் தெரியாது சார். உங்க நல்லதுக்குத்தான்."

"எனக்குத் தெரியுமல்லொ? குழி இருக்கட்டும். அது என்ற கேக்கோட மூஞ்சி."

"இப்படியே போனா அடுத்த ரவுண்டுல வெளிய போயிடுவீங்க."

"போறேன். குழியோட போறேன்."

போகவில்லை. விளக்குச் சூட்டில் இன்னொரு போட்டியாளரான ஈரோட்டுக்காரரின் க்ரீம் மாளிகை சரிந்து, அவர் வெளியேறினார். என் கேக்கில் உருகுவதற்கு என்ன இருக்கிறது? கல் மாதிரி இருந்தது. (சாப்பிடுவதற்கு அல்ல, நிற்பதற்கு.)

பின்மேசை: என் தட்டு ஆறு நிமிடம். தில்ஷாத் செய்த சாமந்திக் கூடை தொடப்படவில்லை.

ஜூன் 11, புதன்

விளம்பரம் ஒளிபரப்பாகிவிட்டதாம். என் மனைவி ராமாத்தாள் போன் செய்தாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏனுங்க, நீங்க பேசறப்பெல்லாம் பின்னால ஆடு கத்தற சத்தம் போடறாங்க."

"என்ன ஆடு?"

"மேஏஏன்னு. 'அழகா? சுவையா? தாத்தா ரெடி!'ன்னு பெருசா எழுத்து வேற வருது. பக்கத்து வீட்டுப் புள்ளைங்கெல்லாம் என்னைப் பாத்து மேங்குதுங்க."

வைத்துவிடப் போனேன். அவளே கேட்டாள்: "இத்தன ரோசம் எதுக்குங்க? பேத்தி பொறந்தநாளுக்குத்தான?"

அந்தக் கதையை எழுதவேண்டாம் என்று இருந்தேன். எழுதிவிடுகிறேன். பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு நான் கேக் செய்து கொண்டுபோனேன். மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் கடையில் வாங்கிய பொம்மைக் கேக்கை வெட்டினார்கள். என்னுடையது சமையலறையில் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் மூடியிருந்தது. சம்பந்தி வீட்டார் செய்த வேலை என்று எட்டு வருஷமாக அவர்களோடு சரியாகப் பேசுவதில்லை.

"அவங்களுக்கு ஒன்னுந் தெரியாதுங்க. நாந்தான் மூடி வெச்சேன்" என்றாள் ராமாத்தாள். "போட்டோ எடுக்கறாங்களே, யாராச்சும் உங்களைச் சிரிச்சுப் போடுவாங்களோன்னு."

வெயில் அதிகம். இரண்டு துண்டு துவைத்துப் போட்டேன்.

ஜூன் 14, சனி

மூன்றாம் சுற்று. நான், தில்ஷாத், மதுரையில் பேக்கரி வைத்திருக்கும் ஞானராஜ். அவர் ஐந்தடுக்குக் கோபுரம் கட்டியிருந்தார். அவர் மேசைக்கு ஒரு தெர்மகோல் பெட்டி வந்ததைக் காலையிலேயே பார்த்துவிட்டேன்.

நடுவர்கள் கீழடுக்கில் மட்டும் ஒரு வாய் எடுத்துவிட்டு நகர்ந்தார்கள். நான் என் கத்தியை எடுத்துக்கொண்டு போய் மூன்றாம் அடுக்கில் குத்தினேன். கிறீச்சென்று சத்தம் வந்தது. தெர்மகோலின் வெள்ளை உருண்டைகள் பறந்தன.

"இதைத் தின்னு பாத்து மார்க்குப் போடுங்க" என்றேன்.

ஞானராஜ் பாய்ந்து வந்தார். "ஏய் பெருசு! ஊர் உலகத்துல யாரும் செய்யாததையா நான் செஞ்சுட்டேன்?" அவர் சொல்வதும் உண்மைதானாம், அலங்காரக் கேக்குகளில் அது வழக்கமாம். ஆனால் எடுத்தது எடுத்ததுதான், கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஞானராஜ் வெளியே. நான் இறுதிச் சுற்றில்.

தில்ஷாத் கைகழுவும் இடத்தில் என்னைப் பார்த்து, "என் கேக்கையும் குத்திப் பாத்திருக்கலாமே அய்யா" என்றாள்.

"உள்ள என்ன இருந்தா எனக்கென்ன அம்மிணி? மேல இருக்கறதே போதும், தெரிஞ்சுபோச்சு."

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

பின்மேசை: நான் ஐந்து நிமிடம். அவளுடைய தாமரைக்குளம் தொடப்படவில்லை. மூன்றுக்கு மூன்று!

ஜூன் 16, திங்கள்

மாலை ஐந்து மணிக்குத் தண்ணீர் எடுக்க விடுதிச் சமையலறைக்குப் போனேன். தில்ஷாத் குளிர்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைத் தாமரைக்குளம். சோற்றுக் கரண்டியால் அதன் நடுவில் தோண்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன அம்மிணி, சொந்தக் கேக்கையே திருடித் திங்கற?"

"வேற யாரு திம்பா? ரெண்டு வாரமா செய்யறேன், ஒருத்தரும் வெட்ட மாட்டேங்கறாங்க. இந்தச் சமையக்காரம்மாகிட்ட குடுத்தா, 'அய்யய்யோ, சாமி படம் மாதிரி இருக்கு, இதுல கத்தி வெப்பாங்களா'ன்னு பிரிட்ஜுல வெச்சிடுச்சு. ஊர்லயும் இதே கதைதான். பொறந்தநாளுக்கு வாங்கிட்டுப் போவாங்க, போட்டோ எடுப்பாங்க, நாலு நாள் கழிச்சுக் குப்பையில போடுவாங்க. ருசி எப்படி இருந்துச்சுன்னு ஒருத்தரும் சொன்னதில்லை."

"பூ வெக்காம செய்யறது."

"எதுக்கு? எனக்குப் பூ செய்யப் பிடிக்கும். நாள் பூரா அடுத்தவங்க பல்லையே செஞ்சுட்டிருக்கேன்."

ஒரு தட்டில் வெட்டி நீட்டினாள். பெண்பிள்ளை கொடுக்கும்போது மறுக்கக்கூடாது என்று ஒரு துண்டு வாங்கிக்கொண்டேன். மரியாதைக்கு.

வறுத்த ரவை. நெய்யில் அல்ல, வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்திருக்கிறாள். தயிர் புளித்தது. அந்தப் புளிப்பு முதலில் வருகிறது, வந்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது. அதன் பிறகு நன்னாரி. சர்பத்துக் கடை நன்னாரி அல்ல, வேரைத் தட்டிப் போட்டு இறக்கியது. ஈரமாக இருந்தது, ஆனால் நொதநொதப்பு இல்லை. இரண்டு நாள் பழைய கேக். எப்படி வறளாமல் இருக்கிறது? பாகை எப்போது ஊற்றினாள், சூட்டிலா, ஆறிய பிறகா?

"எப்படி இருக்கு?" என்றாள்.

"இருக்குது" என்றேன்.

மூன்று துண்டு சாப்பிட்டேன். மதியச் சாப்பாடு சரியில்லாததால் பசி.

ஜூன் 17, செவ்வாய்

நாள் முழுவதும் பயிற்சி. என் கேக்கில் ஒரு குறையும் இல்லை. சுக்கு கொஞ்சம் முந்திக்கொள்கிறது, அவ்வளவுதான். குறைத்துப் பார்த்தேன். பழம் முந்திக்கொள்கிறது. நான்கு முறை செய்தேன். நான்கும் நன்றாகவே இருந்தன.

பாகைச் சூட்டில்தான் ஊற்றியிருப்பாள்.

ஜூன் 18, புதன்

சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் ஃபிட்டர் அதை வைத்துக்கொண்டு தூங்கமாட்டான், கழற்றிப் பார்த்துவிடுவான். எனக்குச் சந்தேகம் இல்லை. இருந்தாலும் கழற்றினேன்.

பயிற்சிக்குச் செய்த கேக்குகள் அரங்கின் அடுப்பறையில் இருந்தன. தில்ஷாத் ஊசி வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். அவள் கேக்கில் இன்னும் பூ வைக்கவில்லை. விளக்குப் பிரிவின் தலைவர் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டேன். என் வயதுக்குப் பக்கத்தில் வரும் மனிதர். அவரோடு பதினொரு பேர். எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி ஆளுக்கு இரண்டு வாய் கொடுத்தேன். எது யாருடையது என்று சொல்லவில்லை. முதல் வாய் பிடித்தவர்கள் இடது கை, இரண்டாவது பிடித்தவர்கள் வலது கை.

எட்டு. நான்கு.

நான்கு எனக்கு.

ஏகாம்பரம் எனக்குத்தான் கை தூக்கினார். கண்ணைத் திறந்ததும், "உன்து சுக்கு வாசனை வச்சே கண்டுக்கினேன்யா. பெரியவராச்சேன்னு தூக்கினேன்" என்று சொல்லிவிட்டார். அப்படியானால் ஒன்பது, மூன்று.

"இத்தன நாளா அந்தம்மா கேக்கை ஏனுங்க தொடல?"

"அத்த எப்டி வெட்றது? கல்யாண மண்டப வாசல் மாரி ஜோடிச்சு வெச்சுக்குது. கத்தி வெக்க மன்சு வர்ல. உன்துன்னா பரவால்ல, ஏற்கெனவே ஒடஞ்ச மாரி இருக்கும். ஈசியா கை வெச்சிடலாம்."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். இந்த நோட்டில் மூன்று இடத்தில் எழுதிய பின்மேசைக் குறிப்புகளுக்கு என்ன மதிப்பு என்று யோசித்தேன். மூன்றின் மேலும் கோடு போட்டுவிட்டேன். கீழே படிக்கத்தான் முடிகிறது.

அந்தப் பூவைப் பார்த்துவிட்டுக் கேக்கைத் தொடாதவர்கள் பன்னிரண்டு பேர். பதின்மூன்றாவது ஆள் யார் என்று எழுதவேண்டிய அவசியமில்லை.

இதை தில்ஷாத்திடம் சொல்லவேண்டாம் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். போட்டிக்கு முன்னால் அவளுக்கு எதற்குத் தலைக்கனம்?

ஜூன் 19, வியாழன்

தலைவலி. எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 20, வெள்ளி

இறுதிச் சுற்று முடிந்தது. முடிந்ததா என்று தெரியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

என் கேக், எப்போதும் போல. சுக்கை நான் குறைக்கவில்லை. அது என் கேக், அப்படித்தான் இருக்கும். தில்ஷாத் மனோரஞ்சிதக் கிளை ஒன்று செய்திருந்தாள். பச்சையாக ஒரு பூ, பாதி பழுத்து ஒரு பூ, உதிர்வதற்குத் தயாராக மஞ்சளாய் ஒரு பூ. ஒரு இலையில் புழு அரித்த ஓட்டைகூட இருந்தது. நன்றாகத்தான் செய்திருந்தாள். தேவையில்லாத வேலை. ஆனால் நன்றாகச் செய்த வேலை.

சுழல்மேசை. நாற்பது நிமிடம். பவுடர். முட்கரண்டி.

என் கேக்குக்கு முன்னால் இரண்டாம் நடுவர் சாருலதா கண் கலங்கினார். "இந்தக் குழியில ஒரு நேர்மை இருக்கு" என்றார். தோற்றம் 47! முதல் சுற்றில் இதே குழிக்குப் பதினொன்று. சுவை 30க்கு 30. ரூபன் அதையும் கைக்குட்டையில் துப்பிவிட்டுத்தான் போட்டார். தில்ஷாத்துக்கு வழக்கம்போலப் பூவைப் பற்றிப் பத்து நிமிடம். சுவை 21. அவள் கேக்கின் வெளிப்பூச்சை மட்டுமே முட்கரண்டி தொட்டிருந்தது.

தொகுப்பாளர் கத்தினார்: "அழகா, சுவையா? சுவை வென்றது! தாத்தா வென்றார்!" மேலிருந்து காகிதத்துண்டுகள் கொட்டின. கோப்பை என் கையில் இருந்தது.

மூன்று வாரமாக நான் கேட்டது இதுதான். சுவைதான் முதல் என்று கேமராவுக்கு முன்னால் சொல்லிவிட்டார்கள். ஊரே பார்க்கப்போகிறது. ராமாத்தாள் பார்க்கப்போகிறாள், சம்பந்தி வீட்டார் பார்க்கப்போகிறார்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். எழுபது வயதை நெருங்கும்போது அப்படி நிற்பது ஒன்றும் கஷ்டமில்லை.

தில்ஷாத் எனக்காகக் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

"ரூபன் தம்பி, அந்தம்மா கேக்கைத் தின்னீங்களா?" என்று கேட்டேன்.

"சாப்பிட்டோமே சார்."

"முழுங்குனீங்களா?"

தொகுப்பாளர் சிரித்தார். "தாத்தா ஜெயிச்ச பிறகும் சண்டைக்கு நிக்கறார் பாருங்க!"

"உள்ள என்ன போட்டிருக்குதுன்னு ஒன்னு சொல்லுங்க. ரவையா, மைதாவா? ஒன்னே ஒன்னு."

ரூபன் சாருலதாவைப் பார்த்தார். சாருலதா பூவைப் பார்த்தார். "கட்" என்று குரல் வந்தது. மதுவந்தி ஓடி வந்தாள்.

"சார், ப்ளீஸ். நீங்க கேட்டதத்தான் குடுத்திருக்கோம். விளம்பரம் வந்ததிலருந்து ஜனங்க உங்களத்தான் கேக்கறாங்க."

"நான் ஜனங்களைக் கேக்கல அம்மிணி, சுவையைக் கேட்டேன். சுவைக்குத்தான் பரிசுன்னா இது என்றதல்ல. பன்னண்டு பேரைக் கண்ணை மூட வெச்சுக் குடுத்துப் பாத்தேன். எட்டுப் பேர் இவங்க கேக்குக்குக் கை தூக்குனாங்க. ஒன்பதுன்னே வெச்சுக்க."

கை தட்டல் நின்றது. தில்ஷாத் என் அருகில் வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எப்போ பாத்தீங்க?"

"புதன்கிழமை."

"புதன்கிழமையே தெரியுமா? ரெண்டு நாளா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இட்லி சாப்பிட்டீங்களே! ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா? பத்து வருஷமா ஒருத்தர் வாயிலருந்து அதைக் கேக்க மாட்டோமான்னு இருக்கேன். திங்கக்கிழமை உங்களக் கேட்டேன், 'இருக்குது'ன்னீங்க!"

 

"நல்லாருந்துச்சு" என்றேன். "என்றதைவிட நல்லாருந்துச்சு."

"இத்தனை பேருக்கு முன்னால சொல்லி என்னைக் காப்பாத்தறீங்களாக்கும்?"

"காப்பாத்தல. மூணு வாரமா பூவைப் பாத்து மார்க்குப் போடறாங்கன்னு நான் கத்துனேன். நானும் பூவைப் பாத்துத்தான் போட்டேன். அவங்க அம்பது போட்டாங்க, நான் சைபர் போட்டேன். அதைச் சொல்றேன். ஆனா ஒன்னு, அந்தப் பூ இல்லைன்னா முதல் நாளே எல்லாரும் தின்னிருப்பாங்க. எடுத்துப்போடு."

"எடுக்க மாட்டேன். பூவும் நான் செஞ்சதுதான். ரெண்டும் சேந்ததுதான் என் கேக்கு."

"வேண்டாத வேலை."

"வேணும்."

அவளே கத்தியை எடுத்தாள். மனோரஞ்சிதக் கிளையின் நடுவில் வைத்து அழுத்தினாள். பச்சைப் பூ இரண்டாகப் பிளந்தது. அங்கே நின்ற முப்பது பேரும் 'ஐயோ' என்றார்கள். அவள் நிறுத்தவில்லை. பூவோடு சேர்த்து ஒரு கனமான துண்டை வெட்டித் தட்டில் வைத்து ரூபனுக்கு முன்னால் தள்ளினாள்.

"துப்பாம சாப்பிடுங்க சார்" என்றாள்.

கேமராவை நிறுத்தியிருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. ஏகாம்பரம் விளக்கை அணைக்கவில்லை. அது தெரியும். ரூபன் ஒரு வாய் எடுத்தார். மென்றார். கைக்குட்டையைத் தேடிய கை பாதியில் நின்றது. முழுங்கினார். இன்னொரு வாய் எடுத்தார். அதன் பிறகு முட்கரண்டியை வைத்துவிட்டு, "முதல்ல வந்து ஒதுங்குதே ஒரு புளிப்பு, அது என்ன?" என்று கேட்டார்.

இத்தனை நாளில் ஒரு கேக்கைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி.

"தயிர். ரெண்டு நாள் புளிச்சது" என்றாள் தில்ஷாத்.

கோப்பையை அவள் மேசையில் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. "மார்க்கை மாத்திச் சொல்லட்டும், அப்புறம் எடுத்துக்கறேன்" என்றாள். மேலிடத்தில் பேசவேண்டும் என்றாள் மதுவந்தி. என்னை ஓர் அறையில் உட்காரவைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு படிவம் வந்தது. இறுதிச் சுற்றை வெட்டி ஒட்டி எப்படி வேண்டுமானாலும் ஒளிபரப்பிக்கொள்ள நான் சம்மதிக்கிறேன் என்று கையெழுத்துப் போடவேண்டுமாம். முடிவு மாறாது, காகிதத்துண்டுகள் கொட்டிய இடத்தோடு நிறுத்திக்கொள்வார்களாம்.

படிவத்தை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 21, சனி. சென்னை சென்ட்ரல்

ரயில் கிளம்ப இன்னும் இருபது நிமிடம். எழுதிக்கொண்டிருக்கும்போதே மதுவந்தி நடைமேடையில் ஓடி வந்து ரயிலில் ஏறினாள். மூச்சு வாங்கியது. பாவம், காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கமாட்டாள்.

"சார், உங்க கையெழுத்து இல்லாம ஒளிபரப்ப முடியாது. தில்ஷாத் மேடமும் போடலை. நீங்க போட்டாத்தான் போடுவாங்களாம். என் வேலை சார்."

"உன்ற வேலை போகாது. நான் போடறேன். பேனா குடு."

ஜன்னல் ஓரப் பலகையில் படிவத்தை விரித்தேன். அச்சடித்திருந்த எழுத்துக்குக் கீழே இரண்டு விரல் இடம் இருந்தது. என் கையெழுத்து மில் பதிவேட்டில் எழுதிப் பழகியது, தெளிவாக இருக்கும். இப்படி எழுதினேன்:

'சுவைக்கு முதல் இடம் திருச்சி தில்ஷாத். என் கேக் இரண்டாவது. ரூபன் அவர்கள் முழுங்கிய இடத்தையும், கேட்ட கேள்வியையும், அந்த அம்மாள் சொன்ன பதிலையும் ஒளிபரப்ப சம்மதிக்கிறேன். அதை வெட்டினால் என் முகத்தையும் சேர்த்து வெட்டிவிடவும். - சி. காளியண்ணன்.'

மதுவந்தி படித்தாள். மறுபடி படித்தாள். கைபேசியை எடுத்து யாரையோ அழைத்தாள். பிறகு மணி அடிக்கும் முன்பே அணைத்துவிட்டாள்.

"சார், ஒன்னு சொல்லவா? கோயம்புத்தூர்ல நான் உங்க கேக்கைச் சாப்பிடவே இல்ல. நீங்க பேசினது நல்லாருந்துச்சுன்னு எடுத்தேன்."

"தெரியும்" என்றேன்.

தெரியாது. அவள் இறங்கிப் போன பிறகு, பையில் வழிக்காக வைத்திருந்த என் கேக்கில் ஒரு துண்டு சாப்பிட்டேன். சுக்கு முந்திக்கொள்கிறது. ஊருக்குப் போனதும் தயிர் புளிக்கவைக்கவேண்டும். குழியை மட்டும் மாற்றுவதாக இல்லை.